சாட்சி சொல்லாத தம்பிக்கு

தம்பி,

அமெரிக்க நீதிமன்றத்தில் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, உங்களை விடுவித்து நாளையோடு ஒரு வருடம். "என் தரப்பை யாருமே கேட்கலை, வக்கீலம்மா வாயைக் கட்டிட்டாங்க" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம், உங்கள் அக்கா சொன்னார். நீங்களே ஊரறியச் சொல்லிவிட்டதால் நானும் கொஞ்சம் பேசலாம். நம் இருவருக்குள் பேசியதில், நீங்களே வெளியே சொல்லாதது எதுவும் இங்கே வராது. வழக்கு முடிந்தாலும் அந்தக் கடமை முடியாது.

அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்த அந்த மதியம். இது திறந்த நீதிமன்றத்தில் நடந்தது, எழுதலாம். ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு நீதிபதி உங்களைக் கேட்டார்: சாட்சி சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, வக்கீலின் முடிவு அல்ல, யாராவது வற்புறுத்தினார்களா? மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடித்தார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நான் மஞ்சள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றுப் பக்கம். நிமிர்ந்தால் தலையாட்டிவிடுவேனோ என்று பயம். கடைசியில் "என் முடிவுதான்" என்றீர்கள், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

கூண்டில் ஏறியிருந்தால் குறுக்கு விசாரணை சம்பவம் நடந்த அந்த ஒரு இரவோடு நின்றிருக்காது. எதையெல்லாம் தோண்டியிருப்பார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். மௌனத்தைக் குற்றத்துக்கு அடையாளமாகக் காட்டி வாதாட அரசு வக்கீலுக்கு அனுமதியில்லை. 1965லேயே கிரிஃபின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. ஆனாலும் ஜூரியின் மனசுக்குள் யார் பூட்டுப் போடுவது? அதையும் யோசித்துத்தான் கூண்டில் ஏற வேண்டாம் என்று சொன்னேன்.

நன்றி கேட்கவில்லை. ஆனால் அவர்களுடைய சாட்சிகளை வரிக்கு வரி குடைந்தது யார் தம்பி? ஜூரி ஒருமனதாக உங்களை விடுவித்தது தானாக நடந்ததா?

சரி, கோபம் வேண்டாம். 'குற்றவாளி அல்ல' என்பதில் உங்கள் கதை இல்லைதான். அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எல்லோரும் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, சட்டை பட்டனைத் திருகியபடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கு மன்னியுங்கள். நாளைக்கு அதே வழக்கு வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

விடுதலையை எதிர்த்து அரசு அப்பீல் போக முடியாது. இனி உங்கள் கதையை நீங்கள் சொல்லலாம். ஆனால் நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு வர வாய்ப்புண்டு, அங்கே நீங்கள் பேசியதெல்லாம் சாட்சியமாகலாம். அதனால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். நானாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தயவுசெய்து இதற்குக் கீழே பதில் எழுத வேண்டாம், போன் செய்யுங்கள்.