கங்கு பிடிக்கும் நேரம்

அன்புள்ள எல்லோருக்கும்,

என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை மத்தியானம் ஆட்டோவில் காலை நீட்டி உட்கார வைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருவழியாக ஜெய்ஹிந்த்புரம் வந்து சேர்ந்தோம். மாடிக்குத் தூக்கிப் போகத் தெருப் பையன்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தயாராக நின்றார்கள். அந்த விபத்து எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் நேரிலேயே வந்து பார்த்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் 19 நாள் இருந்தோம், வந்துவிட்டோம். அவ்வளவு போதும்.

ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்றுதான் தொடங்கினேன். மூன்றாவது ஆளிடம் பேசும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

அவரைத் தூக்கி ஓரமாகப் படுக்க வைத்து, செருப்பையும் செல்போனையும் பத்திரமாக வைத்திருந்து, 108 வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரிப் பையன்களுக்கு, நீங்கள் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளக்கூட அன்றைக்கு எனக்குப் புத்தி இல்லை. ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும் முகம் சுளிக்காத நர்ஸம்மா, நான் குளித்துவிட்டு வரும் வரை இவரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட பக்கத்துப் படுக்கை உசிலம்பட்டி ஆத்தா, ரசத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேச்சுக் கொடுத்தால் நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்து பேசாமல் திரும்பிப் போன எதிர்வீட்டு அம்மா, எல்லோருக்கும் நன்றி.

கடையில் என் மேஜைக்கு எதிர்மேஜைக்காரிக்குத் தனியாக ஒரு வரி. இவரைச் சேர்த்த மறுநாள் தேதி 11. ஜிஎஸ்டி வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தத் தேதி தெரியும், போன மாத விற்பனைப் பில்லையெல்லாம் ஏற்றுகிற ஆர்-1 படிவம் போட வேண்டிய கடைசி நாள். அது முடிந்தால் 20-ஆம் தேதி வரி கட்டுகிற 3பி படிவம். ஜவுளி மொத்த வியாபாரத்தில் ஒரு மாதப் பில் எத்தனை வரும் என்று விளக்குத்தூண் பக்கம் கணக்கு எழுதுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் தன் வேலையையும் முடித்து, கம்ப்யூட்டரில் டேலியில் ஏற்ற வேண்டிய என் கணக்கையும் முடித்து, "நீ போனை எடுக்காத, நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். கடையில் சம்பளம் பிடித்தார்கள். பிடிக்கட்டும், அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம் சின்னவன் படிக்கும் மாநகராட்சிப் பள்ளியில் காலைச் சாப்பாடு சமைக்கிற அம்மாக்கள். 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இத்தனை நாள் நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. 'வீட்டுலயே ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போ' என்று அவனைத் துரத்திப் பிடித்து ஊட்டுகிற ஆள் நான். இந்த 19 நாளும் அவன் காலைப் பசியை நான் நினைக்க வேண்டியே இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் கிழமை மறந்துவிடும். சாயங்காலம் போனில் "இன்னைக்குப் பொங்கலும்மா" என்பான். அதை வைத்துத்தான் அன்றைக்கு என்ன கிழமை என்று யோசிப்பேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக.

சேர்த்தது திங்கட்கிழமை ராத்திரி. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் என் தம்பி பெரியவளை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தான். வார்டுக்கு வெளியே வராந்தாவில் நின்றேன். தூரத்தில் அவள் நடந்து வரும்போதே தலைதான் முதலில் கண்ணில் பட்டது. நேர் வகிடு. எண்ணெய் வைத்து, ஒரு முடி பிரியாமல் பின்னிய ரெட்டைச் சடை. மடித்துக் கட்டிய நீல ரிப்பன், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில். காலையில் பின்னியது சாயங்காலம் ஐந்தரைக்கும் கலையவில்லை. நான் பின்னினால் இரண்டாவது பீரியடிலேயே ஒரு பக்கம் தொங்கிவிடும்.

மாமியாராக இருக்காது. அவருக்கு வாதம், விரல் மடங்காது. சோற்றுப் பானையை இறக்குவதற்கே சின்னவனைக் கூப்பிடுவார்.

"யாருடி பின்னிவிட்டா?"

"இஸ்திரி பெரியம்மா."

இஸ்திரி அக்காவை எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தெரு முனையில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி. இன்னமும் கரிப்பெட்டிதான். எட்டு வருஷமாக எங்கள் துணி அங்கேதான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மூட்டை, புதன்கிழமை ஒரு மூட்டை. எங்கள் வீட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டால், துணி தெரியும். இவருடைய எந்தச் சட்டையில் காலர் நைந்திருக்கிறது, என்னுடைய எந்தச் சேலையில் முந்தானை பிரிந்திருக்கிறது, பெரியவளின் சுடிதாருக்கு இந்த வருஷம் எத்தனை தடவை மடிப்புப் பிரித்து இறக்கியிருக்கிறோம், எல்லாம் தெரியும். நான் அவரிடம் துணியையும் காசையும் தவிர வேறெதுவும் பேசியதாக நினைவில்லை.

இல்லை, ஒருமுறை பேசியிருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன். போன ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், ஒரு துணிக்கு எட்டு ரூபாயாக இருந்ததைப் பத்தாக்கினார். கரி விலை ஏறிவிட்டது என்றார். "இந்த விலைக்கு நானே தேய்ச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரம் வீட்டில் நானே தேய்த்தேன். அந்த மரத்தடியைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். இரண்டு வாரமும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் என்னால் முடியாமல் மூட்டையைக் கொடுத்தனுப்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் புதன்கிழமை எங்கள் மூட்டை வரவில்லை. வியாழக்கிழமை பெரியவள் கசங்கிய கோட்டோடு, தானே பின்னிய கோணல் சடையோடு மரத்தடியைத் தாண்டிப் போயிருக்கிறாள். பள்ளியில் ஒரு டீச்சர் எல்லார் முன்னாலும் தலையைக் காட்டிக் கேட்டிருக்கிறார். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, பாட்டியிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது அக்கா நிறுத்தி, "பாப்பா, அப்பா சட்டை ஏன் வரல?" என்று கேட்டிருக்கிறார்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் இவளிடம் 'அப்பா எப்படி இருக்காரு' என்றுதான் கேட்டார்கள். அதற்கு 'நல்லாருக்காரு' என்று சொல்லப் பழகியிருந்தாள். சட்டை ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவளிடம் தயாராகப் பதில் இல்லை. அழுதுவிட்டாளாம்.

"காலையில சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கிட்டு வா" என்றிருக்கிறார் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நாங்கள் வீடு திரும்பிய சனிக்கிழமைக்கு முந்தின நாள் வரை, பள்ளி இருந்த 11 காலையும் என் மகளின் சடை அந்த மரத்தடியில் பின்னப்பட்டது. கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் இவள் உட்கார, பின்னால் நின்று அவர் சிக்கெடுத்திருக்கிறார். கோட்டையும் துப்பட்டாவையும் அப்படியே வாங்கித் தேய்த்தும் கொடுத்திருக்கிறார். "பெரியம்மா கை வெதுவெதுன்னு இருக்கும்மா, வகிடு எடுக்குறப்ப தூக்கம் வரும்" என்றாள் மகள்.

ஆஸ்பத்திரியில் முதல் நாலு நாள் நான் அழவில்லை. அதற்கு நேரமில்லை, ஸ்கேனுக்கு ஓட வேண்டும், சீட்டுக்கு நிற்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை, அந்த இரண்டு ரிப்பன் முடிச்சையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி பயந்துபோய் டீ வாங்க ஓடினான்.

வீடு வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவைப் போய்ப் பார்த்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் பழைய பாக்கியில்தான் பேச்சைத் தொடங்கினேன். 140 ரூபாய் என்று எடுத்து நீட்டினேன். அவர் வண்டிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, 120-தான் என்று சொல்லி இருபதைத் திருப்பிக் கொடுத்தார். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். என் கணக்குத்தான் தப்பு. அந்த 11 நாள் கோட்டும் துப்பட்டாவும் நோட்டில் இல்லையே என்றேன். "அது பாப்பா துணி" என்றார், ஏதோ அதற்கு வேறு நோட்டு இருப்பது மாதிரி.

சடையைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "கரியப் போட்டு விசிறிவிட்டா, கங்கு பிடிக்கப் பத்து நிமிஷம் ஆகும் தங்கச்சி. அதுவரைக்கும் பெட்டியப் பார்த்துக்கிட்டு சும்மாதான நிப்பேன்" என்றார்.

நான் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகள்தான் திருத்தினாள். பத்து நிமிஷம் இல்லையாம், சில நாள் அரை மணி நேரமாம். தானே பின்னிய நாட்களில் முடி அவ்வளவு சிக்காகியிருக்கிறது. காலை எட்டு மணிக்குள் அவசரச் சட்டை கேட்டு ஆள் வந்து நிற்கும் நேரம் அது. ஒருநாள் ஒருத்தர் காத்திருந்து பார்த்துவிட்டு, தேய்க்காத சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். கங்கெல்லாம் எப்போதோ பிடித்துச் சாம்பல் பூத்துக் கிடந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன நினைப்பீர்களோ தெரியாது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. காலையில் எங்கள் வீட்டில் நானும் பெரியவளும் சேர்ந்து உட்காருவது அந்தச் சடை பின்னும் ஏழு நிமிஷம்தான். கடை ஒன்பதரைக்கு. ராத்திரி நான் வரும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். அந்த ஏழு நிமிஷத்தில் நான் என்ன செய்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். 'ஆட்டாத', 'நேரா உட்காரு', 'தண்ணி பாட்டில் எடுத்து வச்சியா', 'நேத்து என்ன மார்க்கு'. இழுத்து இழுத்துப் பின்னிவிட்டு முதுகில் ஒரு தட்டு, 'ஓடு'. அவள் பள்ளியில் கோ-கோ அணியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எனக்குத் தெரியாது. இஸ்திரி அக்காவுக்குத் தெரியும். மரத்தடியில் அவர் கேட்டிருக்கிறார், இவள் சொல்லியிருக்கிறாள்.

வேலைக்குப் போகிற அம்மாக்களைப் பார்த்து 'பிள்ளைகளோட நேரம் செலவழிங்க' என்று அறிவுரை சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே எரிச்சல்தான். நேரத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். இப்போதும் எரிச்சல் போகவில்லை. ஆனால் ஏழு நிமிஷம் இருக்கத்தான் செய்தது, அதில் நான் பாட்டில் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரிய சபதமெல்லாம் எடுக்கத் தெரியாது. ஆறு மணிக்கு வைத்திருந்த அலாரத்தை 5.40-க்கு மாற்றியிருக்கிறேன். இந்த வாரம் இரண்டு நாள் அதை அணைத்துவிட்டுத் தூங்கினேன், மூன்று நாள் எழுந்தேன். எழுந்த மூன்று நாளும் அவள் முன்னால் உட்கார்ந்து, "பெரியம்மா மாதிரி மெதுவாப் பின்னும்மா" என்றாள். பின்னினேன். இன்னும் ஒரு பக்கம் தொங்கத்தான் செய்கிறது. நேற்று அக்காவிடமே போய், காதுக்குப் பின்னால் எங்கே பிடித்து இறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். ரூபாய் பத்தைப் பற்றி இனி இந்த ஜென்மத்தில் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

உங்கள் பேரைப் போட்டு எழுதட்டுமா அக்கா என்று கேட்டேன். "ஐயோ வேணாம், அப்புறம் தெருவுல இருக்கிற புள்ளைக பூராம் சீப்பத் தூக்கிக்கிட்டு வந்துரும்" என்றார். அதனால் போடவில்லை.

வந்ததிலிருந்து இவர் பனியனும் லுங்கியும்தான். செவ்வாய்க்கிழமை கட்டைப் பார்க்க மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்று காலை இவராகவே, "தேய்ச்ச சட்டை இருக்கா?" என்று கேட்டார். பீரோவில் ஒன்றுகூட இல்லை. நீலக்கோடு போட்டது ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டையும் துவைத்துக் காயவைத்து, சாயங்காலம் நானே எடுத்துப் போனேன். அக்காவின் மேஜையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், மூட்டை மூட்டையாகத் துணி. என் கையைப் பார்த்தார்.

"தம்பி சட்டை வந்துருச்சா!"

விரித்துக்கொண்டிருந்த யாருடைய பேண்ட்டையோ ஓரமாக ஒதுக்கிவிட்டு, நீலக்கோடு சட்டையை வாங்கி உதறி, காலரைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடி வீட்டுக்காரி,
ஜெய்ஹிந்த்புரம், மதுரை