கார்டு போய்விட்டது என்று சொல்லும் முன்

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் மாடிகளிலும், தேக்காவிலும், வீவக அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளக் கடைகளிலும் கணினி பழுதுபார்க்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கணினித் திரைக்குப் படத்தை உருவாக்கித் தரும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். என் மேசைக்குக் கீழே இருக்கும் கணினியில் அது ஏழு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்பு ஒரு கடையில் அது செத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

என் அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறான். விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் அவனே வாங்கிய கார்டு அது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தான். மறுநாள் காலையில் அனிமேஷனை முழுப் படமாக்கும் ரெண்டர் வேலையைப் போட்ட சில நிமிடங்களில் திரை கருத்தது. சில தடவை தானாக மீண்டு வந்தது, சில தடவை விண்டோஸ் முடங்கினால் வரும் நீலத் திரையில் போய் நின்றது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய வேலை கையில். அக்கா பயந்துபோய்க் கணினியை டாக்ஸியில் ஏற்றி ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: "கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்." 800 வெள்ளிக்கு மேல் ஆனது. புதுக் கார்டோடு விண்டோஸையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். கணினி ஒழுங்காக ஓடியது.

"நேற்று ராத்திரிதான் டிரைவர் போட்டேன்" என்று பையன் அங்கே இரண்டு முறை சொல்லியிருக்கிறான். யாரும் காதில் வாங்கவில்லை.

பழைய கார்டை அவர்கள் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. நான் ஓர் அலுவலகத்தில் 15 ஆண்டுகளாகக் கணினிப் பராமரிப்பு வேலை செய்கிறேன். அந்தக் கார்டை வாங்கிவந்து என் கணினியில் மாட்டினேன். மூன்று மாதம் பழைய டிரைவரோடு ஓடிப் பார்த்தேன், பையனின் அதே கோப்பை ரெண்டர் செய்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அவன் அந்த வெள்ளிக்கிழமை போட்ட அதே பதிப்பைத் தேடி எடுத்து நிறுவினேன். பத்து நிமிடத்தில் திரை கருத்தது. பழைய பதிப்புக்குத் திரும்பினேன், சரியாகிவிட்டது. அடுத்து வந்த பதிப்பிலும் கோளாறு இல்லை.

கடையில் நடந்தது இதுதான். அவர்கள் கார்டையும் மாற்றினார்கள், விண்டோஸைப் புதிதாகப் போட்டதால் டிரைவரையும் மாற்றினார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, கார்டால்தான் சரியானது என்று முடிவு செய்தார்கள். வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் செய்திருக்கலாம். ஆனால் 19 வயதுப் பையனின் ஒரு வருடச் சேமிப்பு அந்த அவசரத்தில் போனது.

உங்களில் பலருக்கு இது தெரிந்த விஷயம்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிகளுக்காகச் சொல்கிறேன். டிரைவர் என்பது வேர்ட், எக்செல் மாதிரி ஓரமாக உட்கார்ந்து ஓடும் மென்பொருள் கிடையாது. அதன் ஒரு பகுதி விண்டோஸின் உள்பிரகாரமான கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே ஒன்று தடுக்கினால் மொத்தக் கணினியும் விழும். 2024 ஜூலை 19 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவருக்கு வந்த ஒரு பிழையான கோப்பால் உலகம் முழுக்க 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. சாங்கி விமான நிலையத்தில்கூடச் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. அன்று யாரும் அந்தக் கணினிகளின் பாகங்களைக் கழற்றி மாற்றவில்லை. பாகங்களில் ஒரு குறையும் இல்லை.

கிராஃபிக்ஸ் டிரைவருக்கும் இதில் நீண்ட வரலாறு உண்டு. விண்டோஸ் விஸ்டா தொடர்பாக மைக்ரோசாஃப்ட் மீது நடந்த வழக்கில் அதன் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. 2007-இல் பதிவான முடக்கங்களில் 28.8 விழுக்காடு, கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவின் டிரைவர்களால் வந்தவை என்று அவற்றில் இருந்தது. 2010 மார்ச்சில் என்விடியா தன் 196.75 என்ற டிரைவர் பதிப்பைத் திரும்பப் பெற்றது. அது சில கார்டுகளில் விசிறியின் வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாததால் கார்டுகள் அளவுக்கு மீறிச் சூடாயின. அதற்குப் பிறகு டிரைவர்கள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனாலும் புதுப் பதிப்பு என்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது என்பது என் அனுபவம்.

அந்தப் பையனின் கணினியில் நடந்ததற்கு விண்டோஸே சாட்சி எழுதி வைத்திருந்திருக்கும். விஸ்டா காலத்திலிருந்து டிடிஆர் என்ற காவல் ஏற்பாடு இருக்கிறது. கார்டு ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பப் பார்க்கும். எழுந்துவிட்டால் திரை ஒருமுறை கருத்து மீளும், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு வரி விழும். எழவில்லை என்றால் வீடியோ டிடிஆர் ஃபெய்லியர் என்ற நீலத் திரை, குறியீடு 116. கூடவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒரு கோப்பும் சேரும். அதை மைக்ரோசாஃப்டின் பிழை ஆராயும் கருவியான விண்டிபக்கில் திறந்தால் எந்த டிரைவர் கோப்பு மாட்டியது என்று பெரும்பாலும் பெயரே வந்துவிடும். கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது இந்த சாட்சிகள் அத்தனையும் அழிந்தன. எனக்கு அதுதான் மனத்தை அதிகம் உறுத்துகிறது. தயவுசெய்து ஃபார்மேட் செய்வதற்கு முன் அந்த ஃபோல்டரை ஒரு தம்ப் டிரைவில் எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

4101 வந்தாலே டிரைவர்தான் குற்றவாளி என்றும் நான் சொல்ல வரவில்லை. கார்டு பதில் தரவில்லை என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. ஏன் தரவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும். அதற்கு நான் முதலில் கேட்கும் கேள்வி, "கடைசியாக என்ன மாறியது?" என்பது. டிரைவர் மாறியிருந்தால் முதலில் அதைத்தான் திருப்ப வேண்டும். டிவைஸ் மேனேஜரில் பழைய பதிப்புக்குத் திரும்ப ரோல் பேக் பொத்தான் இருக்கிறது. அது மங்கிக் கிடந்தால் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியை, விண்டோஸ் அத்தியாவசியப் பகுதிகளோடு மட்டும் ஏறும் சேஃப் மோடில் ஓட்டித் துடைத்துவிட்டு, ஒழுங்காக ஓடிய பழைய பதிப்பைப் போட வேண்டும். அப்போது இணையத்தைத் துண்டித்து வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் நாம் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு பதிப்பைக் கொண்டுவந்து போட்டுவிடும், எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாமல் போகும். விண்டோஸ் 11 கணினி என்றால் சேஃப் மோடுக்குப் போகும் முன் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாவி இல்லாமல் பூட்டிக்கொண்டு தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய டிரைவரிலும் விழுகிறதென்றால் அப்போது பாகங்களைச் சந்தேகப்படலாம். விண்டோஸ் ஏறுவதற்கு முன்னாலேயே, கணினியை முதலில் எழுப்பும் பயாஸின் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது. அது இன்னும் ஏறவே இல்லை. கேபிளையோ திரையையோ மாற்றிப் பார்த்தும் கோடுகள் இருந்தால் கார்டுதான். நீலத் திரையே வராமல், மினிடம்ப் கோப்பும் இல்லாமல், கணினி திடீரென்று நின்றதைக் காட்டும் கெர்னல் பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். ஒரே கேபிளின் இரண்டு தலைகளைக் கார்டில் செருகியிருந்தால் தனித்தனிக் கேபிள்களாக மாற்றிப் பாருங்கள். மதியம் விழுகிறது, இரவில் ஏர்கான் போட்டபின் விழுவதில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், நம் ஊர் வெயிலையும் கேஸுக்குள் படிந்த தூசியையும் முதலில் நினைக்க வேண்டும். ஆஃப்டர்பர்னர் என்ற கருவியில் கார்டின் வேகத்தைக் கூட்ட என்றைக்கோ போட்டுவைத்த கணக்கு புது டிரைவருக்கு ஒத்துவராமல் போவதும் உண்டு.

கார்டு, டிரைவர் இரண்டுமே குற்றமற்றதாக இருந்த ஒரு பெரிய கதையும் இருக்கிறது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் கேம்களைத் திறந்தால் "வீடியோ நினைவகம் போதவில்லை" என்று செய்தி வந்து கணினி முடங்கியது. அதைப் படிக்கும் யாருக்கும் கார்டின் மேல்தான் சந்தேகம் வரும். எத்தனையோ பேர் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். 2024-இல் இன்டெல் அது செயலியின் கோளாறு என்று ஒத்துக்கொண்டு, ஆகஸ்ட் முதல் அதற்கான மைக்ரோகோடைத் தந்தது (செயலிக்கான இந்தத் திருத்தம் பயாஸ் புதுப்பிப்போடு வரும்), உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டியது. அந்தச் செயலியோடு வரும் கணினிக்குப் புதுக் கார்டு விற்றால் கோளாறு அப்படியே இருக்கும். ஆகவே, பயாஸ் பதிப்பையும் பாருங்கள்.

சரி, இவ்வளவும் பார்க்க நேரம் ஆகும், கடை வாடகையை யார் கட்டுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சோதனைக்குத் தாராளமாகக் காசு வாங்குங்கள். 60 வெள்ளியோ 80 வெள்ளியோ, முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். என் அக்கா சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். சோதனையை இலவசம் என்று பலகையில் எழுதிவிட்டு, பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் கடையை நடத்தினால், எந்த நல்ல மனிதருக்கும் கோளாறெல்லாம் பாகமாகவே தெரியத் தொடங்கும்.

அந்தக் காசுக்குப் பதிலாக நான் கேட்பது அரைப் பக்கத் தாள். கணினி வந்தபோது எந்த டிரைவர் பதிப்பு இருந்தது, ஈவென்ட் வியூவரில் என்ன எண், நீலத் திரையில் என்ன குறியீடு, பழைய பதிப்பில் ஓட்டியபோது என்ன ஆனது, கார்டை வேறு கணினியில் மாட்டிப் பார்த்தீர்களா. ஆங்கிலத்திலோ தமிழிலோ, கையெழுத்திலேயே இருக்கட்டும். கார்டு உத்தரவாதக் காலத்தில் இருந்தால் வாடிக்கையாளர் அந்தத் தாளோடு விற்றவரிடம் போகலாம். 2012 செப்டம்பர் முதல் இங்கே, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. பொருளைப் பெற்ற 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது முதலிலேயே இருந்த குறை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று விற்றவர்தான் காட்ட வேண்டும். பையனின் கார்டு வாங்கி 5 மாதம்தான் ஆகியிருந்தது. உண்மையிலேயே அது செத்திருந்தால்கூட 800 வெள்ளி கொடுத்திருக்கத் தேவையில்லை என்பதை அன்று யாரும் அக்காவிடம் சொல்லவில்லை.

குப்பையையும் நினைக்கிறேன். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். 2021 ஜூலை முதல் அதைச் சேகரித்து மறுபயனீடு செய்யும் திட்டமும் நடக்கிறது. நல்ல கார்டு ஒன்று அந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது.

நீங்கள் யாராவது அந்த அரைப் பக்கத் தாளை அச்சடிக்க விரும்பினால், நான் அலுவலகத்தில் பயன்படுத்தும் படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை. புதுத் தம்பிகளுக்கு மினிடம்ப் படிக்கச் சொல்லித்தர வேண்டுமென்றாலும் கடைக்கே வருகிறேன், காசு வேண்டாம். பையனின் கார்டையும் கையோடு கொண்டுவருகிறேன், மாட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தாய்மாமன்