கெயினைக் குறைத்தாலே பாதி வேலை முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே மெட்டல் கிட்டார் பதிவு செய்வது பற்றி உங்கள் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதெல்லாம் வருவதே பெரிய சந்தோஷம். ஆனால் எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவி), எந்த ப்ளக்-இன் (ஒலியை மாற்றும் மென்பொருள்) வாங்கலாம் என்பதிலேயே கட்டுரை முடிந்துவிட்டது. புதிதாக வாசிக்கும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுக் கடைக்குத்தான் ஓடுவார்கள், சத்தம் சுத்தமாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் பொருளில் இல்லை.

முதலில் கெயின், அதாவது கிட்டார் சிக்னலை ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு. அதைக் கூட்டினால் வரும் கரகரப்புதான் டிஸ்டார்ஷன். அறையில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும் அது, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கூழாகிவிடும். டிஸ்டார்ஷன் சின்ன ஒலியையும் பெரிய ஒலியையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்குக் கொண்டுவருகிறது. பிக் (மீட்டும் சிறு தகடு) கம்பியில் விழும் அடி மழுங்கும், விரல் உரசல், வாசிக்காத கம்பியின் அதிர்வு, கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லாம் மேலே ஏறும். நாய்ஸ் கேட் (சின்னச் சத்தங்களை அடைத்துவிடும் கருவி) ரிஃப்பின், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியின், இடைவெளிகளைத்தான் சுத்தமாக்கும். வாசிக்கும்போதே கூடச் சேர்ந்து ஒலிக்கிற கம்பியைக் கையால்தான் அடக்க வேண்டும், வேறு வழியே இல்லை. ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒரு ஓவர்டிரைவ் பெடலை ஆம்ப்புக்கு முன்னால் போட்டு, டிரைவை (பெடலின் கரகரப்பு அளவை) ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவலை (வெளியே வரும் சத்த அளவை) மேலேயும் வைத்துப் பார்க்கட்டும். ஆம்ப்புக்குப் போகும் முன்பே தாழ்ந்த ஸ்தாயி ஒலி குறைந்துவிடுவதால் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி வாசிப்பது) இறுக்கமாகக் கேட்கும்.

அப்புறம், ஒரே டேக்கை (ஒரு முறை வாசித்த பதிவை) காப்பி செய்து இடம் வலம் வைக்கலாம் என்று எழுதியிருந்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்படிச் செய்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது, நடுவில்தான் கேட்கும். அகலம் வருவதே இரண்டு டேக்குகளுக்கு இடையிலுள்ள நுணுக்கமான வித்தியாசத்தால். மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் 80-களிலேயே ரிதம் பகுதிகளைத் தானே திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கினார், ஒரே கையின் அடி என்பதால் அவை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தின. சரி, எல்லாருக்கும் அந்த வலது கை வராது. ஆனால் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) மெதுவாக வைத்துப் பழகி, புதுக் கம்பி மாட்டி, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் பார்த்து இரண்டு முறை நிஜமாக வாசித்தால் போதும்.

அடுத்த பகுதி பேஸ் பற்றி என்று போட்டிருக்கிறீர்கள். கிட்டாரில் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி அந்த இடத்தை பேஸுக்கு விடுவதைப் பற்றி அதில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்