பழைய கடலைத் தரையில் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பண்டைக் கடல்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆசியாவுக்குத் தெற்கே ஒரு காலத்தில் விரிந்து கிடந்த டெத்திஸ் கடல் சுருங்கி இமயமலை எழுந்த கதையை அவ்வளவு தெளிவாகச் சொல்வது லேசான காரியம் இல்லை. எழுதியவருக்கு என் மனமார்ந்த பாராட்டு. ஆனால் அந்தக் கடல்கள் சுவடே இல்லாமல் மறைந்துவிட்டன என்று கட்டுரை முடிகிறதே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சுவடு இருக்கிறது, கொட்டிக் கிடக்கிறது. என்ன, கடலில் இல்லை, தரையில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கடல்தான் ஆதி, நிலம் பிறகு வந்தது என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடலின் அடித்தரையைப் பொறுத்தவரை விஷயம் தலைகீழ். இன்றைய பெருங்கடல்களின் தரை கிட்டத்தட்ட முழுவதும் கடந்த 20 கோடி ஆண்டுக்குள் உருவானது. நிலத்திலோ, கனடாவின் வடமேற்கில் 400 கோடி ஆண்டு வயதுள்ள பாறை இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளில் சில 440 கோடி ஆண்டைத் தொடுகின்றன. கடலடி மலைத்தொடர்களின் நடுவே, பூமியின் மேற்பரப்பாக அமைந்த பெரும் பாறைத் தட்டுகள் விலக, அந்த இடைவெளியில் பாறைக்குழம்பு ஏறி உறைந்து புதுத் தரையாகிறது. அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்து, குளிர்ந்து, கனத்து, கடைசியில் ஓர் ஆழ்கடல் அகழி வழியாகப் பூமிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. கண்டங்களின் பாறை எடை குறைந்தது. அது எளிதில் அமிழாது, மேலேயே தங்கிவிடும். ஆகவே 20 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலைப் பார்க்க ஆசைப்படுகிறவர் கப்பல் ஏறிப் பயனில்லை. மலை ஏற வேண்டும், பாலைவனத்துக்குப் போக வேண்டும்.

ஓமன் நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே டெத்திஸ் கடலின் தரையில் ஒரு பெரிய துண்டு, பூமிக்குள் இறங்காமல் கண்டத்தின் விளிம்பின்மேல் ஏறிப் படுத்துவிட்டது. வயது சுமார் 9.5 கோடி ஆண்டு. பசுமையே இல்லாத மலைகள் என்பதால் எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. மேலே பசால்ட் என்ற எரிமலைப் பாறை, அதன் கீழே சுவர் சுவராக நிற்கும் பாறை அடுக்கு, அதற்கும் கீழே ஆழத்தில் மெல்ல உறைந்த கேப்ரோ, எல்லாவற்றுக்கும் அடியில் பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசத்தைச் சேர்ந்த பெரிடோடைட் என்ற பாறை. 1961இல் அமெரிக்கர்கள் மோஹோல் என்ற திட்டத்தில் மெக்சிகோவுக்கு அருகே கடலடியைத் துளைத்துக் கவசத்தை எட்டிப் பார்க்க முயன்றார்கள். கடல்தரைக்குக் கீழே 200 மீட்டரைக்கூட எட்டவில்லை. 1966இல் திட்டமே கைவிடப்பட்டது. ஓமனிலோ மேலோட்டுக்கும் கவசத்துக்கும் இடையிலான அதே எல்லையைக் காலால் நடந்து கடக்கலாம்.

அந்த பசால்ட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உருண்டை உருண்டையாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய தலையணைகள் போலவே இருக்கும். புவியியலாளர்களும் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். கடலடியில் குழம்பு வெளியே பிதுங்கியதும் குளிர்ந்த நீர் பட்டு மேல்தோல் நொடியில் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. உள்ளே இருக்கும் குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது தோலைக் கிழித்துக்கொண்டு அடுத்த உருண்டையாக வழிகிறது. இன்னும் இளகலாக இருக்கும் அந்த உருண்டை, கீழே இருக்கும் இரண்டு உருண்டைகளின் இடுக்கில் அடிப்புறம் கூம்பாகத் தொய்ந்து உட்காருகிறது. மேற்புறம் வளைந்தே இருக்கிறது. இதனால் பெரிய லாபம் ஒன்று உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுக்குப் பிறகு அந்தப் பாறை மலையாகப் புரண்டு கிடந்தாலும், கூம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அன்றைக்கு எது மேல், எது கீழ் என்று சொல்லிவிடலாம். எரிமலைக் குழம்பு தண்ணீருக்குள் ஓடியது என்பதற்கும் அதுவே சாட்சி.

எவரெஸ்ட் உச்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உச்சியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அதில் ட்ரைலோபைட், கடல் அல்லி முதலிய பண்டைக் கடலுயிர்களின் துணுக்குகள் இருக்கின்றன என்பது பலரும் அறிந்ததே. அந்தக் கல் கடலடியில் படிந்தது ஏறக்குறைய 45 கோடி ஆண்டுக்கு முன்பு. இந்தியா ஆசியாவின்மீது மோதியதோ சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன்புதான். இடையில் 40 கோடி ஆண்டு அந்தக் கல் சும்மா கிடந்திருக்கிறது. மலையின் வயதையும் கல்லின் வயதையும் ஒன்றாக்கிப் பேசுவது கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டும் வேறு. இதைப் பிரித்துச் சொன்னால்தான் காலத்தின் ஆழம் படிப்பவருக்கு உறைக்கும்.

எகிப்தில் இதே டெத்திஸ் இன்னொரு விதமாகக் காட்சி தருகிறது. கிசா பிரமிடுகளின் சுண்ணாம்புக் கற்களில் நம்முலைட் என்ற உயிரின் கூடுகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒற்றை உயிரணுவால் ஆன உயிர், ஆனால் நாணயம் அளவுக்கும் வளர்ந்திருக்கிறது! 2,000 ஆண்டுக்கு முன் அங்கே போன ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர், அந்தக் கல்துணுக்குகளைப் பிரமிடு கட்டியவர்கள் தின்று மிச்சம் வைத்த பருப்பு கல்லாகிவிட்டது என்று ஊர் மக்கள் சொல்வதாக எழுதி வைத்திருக்கிறார். அப்புறம், அதே நாட்டின் பாலைவனத்தில் வாடி அல்ஹிதான் என்ற இடம். மணலில் திமிங்கில எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. சுமார் 4 கோடி ஆண்டுப் பழமை. அவற்றில் பாசிலோசாரஸுக்குக் குட்டியாகப் பின்னங்கால்கள் உண்டு. நிலத்தில் நடந்த மூதாதையின் கால் முழுதும் மறைவதற்கு முந்தைய கட்டம். 2005இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவற்றையெல்லாம் உங்கள் இதழ் சொல்ல வேண்டும் என்பது என் முதல் விருப்பம். அதைவிடப் பெரிய விருப்பம் வேறொன்று: இவையெல்லாம் எப்படித் தெரிய வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிவை மட்டும் சொன்னால் அது வெறும் தகவல். தெரிந்துகொண்ட வழியையும் சொன்னால்தான் படிப்பவர் தானும் யோசிக்கத் தொடங்குவார்.

மத்தியதரைக் கடல் வற்றிய கதை இதற்கு நல்ல உதாரணம். 1970இல் குளோமர் சாலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் அந்தக் கடலின் ஆழ்ந்த தரையில் துளையிட்டபோது ஜிப்சமும் உப்பும் வந்தன. வெயிலில் நீர் ஆவியானால் மிஞ்சுகிற பொருள்கள் அவை. ஆழ்கடலுக்கு அடியில் அவற்றுக்கு என்ன வேலை? உப்பின் தடிமன் சில இடங்களில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். கணக்கு போட்டுப் பாருங்கள்: இன்றைய மத்தியதரைக் கடலின் சராசரி ஆழம் சுமார் 1,500 மீட்டர். ஒரே தடவை முழுக்க வற்றினால் சராசரியாக முப்பது மீட்டர் உப்புகூடத் தேறாது. அப்படியானால் அட்லாண்டிக் நீர் மறுபடி மறுபடியோ விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகவோ உள்ளே வந்து ஆவியாகிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இது நடந்தது சுமார் 60 லட்சம் முதல் 53 லட்சம் ஆண்டுக்கு முன். இதற்கு இன்னொரு சாட்சி நைல் நதியில் இருந்தது. அஸ்வான் அணைக்காகத் துளையிட்டபோது, கடலிலிருந்து அவ்வளவு தொலைவில், நதிக்கு அடியில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு புதைந்திருப்பதையும் அதில் கடல் வண்டல் இருப்பதையும் சுமாகோவ் என்ற ரஷ்யப் புவியியலாளர் கண்டார். கடல் மட்டம் வெகுவாகத் தாழ்ந்ததால்தான் நைல் அவ்வளவு ஆழம் அரித்திருக்கிறது. ஒரு துப்பு கடலில், ஒரு துப்பு அணைக்கட்டில். இரண்டும் சேர்ந்ததும் படம் தெளிந்தது.

மேரி தார்ப் என்ற பெண்மணியை உங்கள் கட்டுரையில் எதிர்பார்த்து ஏமாந்தேன். 1950களின் தொடக்கத்தில், ஆய்வுக் கப்பலில் பெண்களை ஏற்றாத காலத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லமான்ட் ஆய்வகத்தில் மேசையில் உட்கார்ந்து, கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்து வட அட்லாண்டிக்கின் தரையை வரைந்தார். நடுவில் ஓடும் மலைத்தொடரின் உச்சியில், ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் ஒரு பள்ளம் விழுவதைக் கவனித்தார். தரை அங்கே பிளந்து விலகுகிறது என்றார். உடன் பணிபுரிந்த புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பக்கத்து மேசையில் வேறொருவர் கடலடி நிலநடுக்கங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது நிலநடுக்கப் புள்ளிகள் அந்தப் பள்ளத்திலேயே வரிசையாக விழுந்தன. ஹீசனும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன வெகெனரின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தார்ப்பின் பெயரையும் படிக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மறைந்த கடல்களைப் பற்றி எழுதிவிட்டீர்கள், சரி. பிறக்கப்போகும் கடலைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் 2005 செப்டம்பரில் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்து, சில வாரங்களுக்குள் சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது. கீழே இருந்து குழம்பு ஏறி அந்தப் பிளவை நிரப்பியது. கடலடியில் ஆழத்தில் நடக்கிற அதே வேலை அங்கே வெயிலில், கண்முன் நடக்கிறது. அந்தக் கட்டுரையை வெளியிடும்போது, செயற்கைக்கோள் ரேடார் படங்களை வைத்து அந்த விலகலை எப்படி அளந்தார்கள் என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். பாறைப் படங்களில் அளவு தெரிய ஒரு சுத்தியலோ ஆளோ இருக்கும் படமாகத் தேர்ந்தெடுங்கள். சென்ற இதழ்ப் படங்களில் அது இல்லாததால், கைப்பிடிக் கல்லா, மலைச்சரிவா என்றே தெரியவில்லை.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்