மடியில் அல்ல, கன்றில் தொடங்கு

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பாக்டீரியாபேஜை (சுருக்கமாகப் பேஜ்) மடிவீக்கத்திற்கு மருந்தாக்குவதை ஆய்வுப் பொருளாக எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். துறை நல்லது, ஆனால் மடியில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. காய்ச்சாத பாலிலுள்ள புரதங்கள், மடிவீக்கத்தை உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியின்மேல் படிந்து, பேஜ் அதனைப் பற்றவிடாமல் தடுக்கின்றன. சூடாக்கினால் அந்தத் தடை விலகிவிடுவதால், காய்ச்சிய பாலில் கண்ட வெற்றியை நம்பி மாட்டின் காம்புக்குள் மருந்தைச் செலுத்த இயலாது.

கன்றுக் கழிச்சலுக்கோ வலுவான முன்னுதாரணம் இருக்கிறது. 1980-களில் பிரிட்டனில் வில்லியம்ஸ் ஸ்மித்தும் ஹக்கின்ஸும், கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா தாக்கிய கன்றுகளுக்குப் பேஜ் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பேஜுக்குத் தப்பிய கிருமிகளும் வீரியம் குறைந்தே காணப்பட்டன. 1987-இல், கன்றுகளின் படுக்கையில் பேஜ் கலந்த நீரைத் தெளித்தே நோயைத் தடுக்கலாம் என்றும் காட்டினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொழுவத் தரை காயவே காயாத நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை.

நோய் இன்னதென்று பாராமலே ஊசி போடும் வழக்கம் என்னை வருத்துகிறது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருந்த கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுத்து, 2019-இல் அரசு தடை விதிக்கும் நிலை வந்ததே! பேஜிடம் அந்த அலட்சியம் செல்லாது. ஒரு பேஜ் ஈ.கோலையிலேயே சில வகைகளை மட்டும்தான் அழிக்கும். ரோட்டா வைரஸால் வரும் கழிச்சலை அது தொடவே தொடாது. எனவே முதலில் சாணத்தைச் சோதித்தே ஆக வேண்டும். இந்தக் கட்டாயத்தை நான் பேஜின் குறையாக அல்ல, பெரும் நன்மையாகவே கருதுகிறேன்.

நம் மலைக் கன்றுகளின் கிருமிகளுக்கு ஏற்ற பேஜ்களை நம் தொழுவங்களின் சாணத்திலும் கழிவுநீரிலுமே தேடு. கிருமியைக் கொல்லாமல் அதன் மரபணுவுக்குள் தங்கிவிடும் வகைகளை விலக்கிவிடு. நச்சு மரபணுக்களை அவை வேறு கிருமிகளுக்குக் கொண்டு சேர்க்கக்கூடும். ஒரு பேஜுக்குக் கிருமி தப்பினாலும் மற்றொரு பேஜிடம் சிக்கும்படி, பல பேஜ்களைச் சேர்த்தே கொடு. பிறந்தவுடன் சீம்பால் கிடைக்காத கன்றுகளைத் தனியாகக் கணக்கிடு. இல்லாவிட்டால் சீம்பாலின் பலன் எது, பேஜின் பலன் எது என்று பிரித்தறிய முடியாது.

மாதிரியை ஆண்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும் என்பதால், கழிச்சல் கண்டவுடன் எனக்குச் சொல்லி அனுப்பும்படி அக்கம்பக்கத்து வீடுகளில் பேசி வைக்கிறேன். மாதிரிக் குப்பிகளையும் பனிக்கட்டிப் பெட்டியையும் ஐப்பசிக்கு முன்பே அனுப்பி வை.

அன்புடன்,
அப்பா