சாமை சாலட்டும் கொஞ்சம் சேதியும்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு பிசிஓஎஸ், அதுதான் அந்தச் சினைப்பை ஹார்மோன் கோளாறு, என்று டாக்டர் சொன்னதும் நீ தூக்கத்தைத் தொலைத்திருப்பாய், எனக்குத் தெரியாதா! அதற்காக மத்தியதரைக் கடல் சாலட் செய்கிறேன் என்று புல்கருக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் இவ்வளவு காசைக் கொட்டுவதா?

கோதுமையை அவித்து, காயவைத்து, உடைத்தால் அதுதான் புல்கர். நம் புழுங்கலரிசிக்குச் செய்கிற அதே வேலை. லெபனான் பக்கம் தபூலே என்கிற சாலட் செய்பவர்கள் அதையும் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். மீதியெல்லாம் பச்சைத் தழை. நான் சாமையில் செய்கிறேன். மாவு மாதிரி வெள்ளையாகத் தீட்டியதை வாங்காதே, தவிட்டு நிறம் கொஞ்சமாவது ஒட்டியிருக்கட்டும்.

ஒரு டம்ளர் சாமைக்கு ஒன்றே முக்கால் டம்ளர் தண்ணீர். வெந்ததும் தாம்பாளத்தில் கொட்டி, செக்குக் கடலை எண்ணெய் ஒரு கரண்டி விட்டு விரலால் உதிர்த்துவிடு. சூட்டோடு காயைக் கலந்தால் களியாகிவிடும். நன்றாக ஆறியபின் அவித்த கொண்டைக்கடலை, வெள்ளரிப்பிஞ்சு, விதை எடுத்த தக்காளி, சின்ன வெங்காயம் எல்லாம் போடு. மல்லித்தழையும் புதினாவும் கஞ்சத்தனம் பார்க்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டு. எலுமிச்சை, மிளகு, நசுக்கிய பூண்டு. உப்பைக் கடைசியில் போடு, இல்லாவிட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுவிடும். வீட்டுக்காரர் முதல் நாள் பார்த்துவிட்டு, "என்ன அம்மிணி, ஆட்டுக்கு வெச்சத எனக்குக் கொண்டாந்துட்டயா?" என்றார். இப்போது இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இது ஹார்மோனைச் சரிசெய்கிற மருந்து என்று யார் சொன்னாலும் நம்பாதே. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாகச் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையில் ஆண் ஹார்மோனை ஏற்றிவிடும். நார்ச்சத்தும் கடலையும் எண்ணெயும் சேர்ந்த சாப்பாட்டில் சர்க்கரை மெதுவாக ஏறும் என்பதுதான் இதிலுள்ள நன்மை. 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் பிசிஓஎஸ்ஸுக்கு இதுதான் சிறந்த உணவுமுறை என்று எதையும் தனியாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. உன் மகள் எதை விரும்பித் தொடர்ந்து சாப்பிடுவாளோ, அது போதும். வெள்ளைச் சோற்றைக் குறைத்துவிட்டு இதை வைக்கவேண்டும். சோறும் தின்று இதையும் தின்றால் என்ன பிரயோசனம்? டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தவும் விடாதே.

எனக்கும் தைராய்டு மாத்திரை ஓடுகிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, ஒரு மணிநேரம் கழித்துத்தான் காபி. கம்பை அதிகம் சாப்பிட்டால் தைராய்டுக்கு ஆகாது என்பதால், கம்பங்கூழைத் தினசரி குடிக்காமல் எப்போதாவது என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம், அவள் எதிரில் எடையைப் பற்றி ஓயாமல் பேசாதே. நம் அம்மாக்கள் நம்மைப் படுத்தியது போதும். மார்கழியில் பாரியூர் அம்மன் கோயில் குண்டம் தீமிதிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு நாள் இருக்கிற மாதிரி வரவேண்டும், சாயங்காலமே பஸ் ஏறுகிற கதையெல்லாம் வேண்டாம்.

அன்புடன்,
சரசு