மலையிறங்க இரண்டாவது கியர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் ஊட்டி போக்குவரத்து நெரிசல் பற்றி நிறைய எழுதுகிறோம். ஆனால் நெரிசலில் யாரும் சாவதில்லை. திரும்பி வரும் இறக்கத்தில்தான் ஆபத்து. மே மாத சீசனில் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் விடுகிறார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கி.மீ. அதற்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் ஓடும் காரை முப்பத்தைந்து தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமமான ஆற்றல் அது. கொஞ்சத்தைக் காற்றும் சக்கர உராய்வும் தின்றுவிடும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும்.

'ஏறிய கியரிலேயே இறங்கு' என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அம்பாசிடர் காலத்துக்கு அது சரி. இன்றைய டர்போ கார்கள் மூன்றாவது கியரிலேயே சிரமமில்லாமல் ஏறிவிடும். ஆனால் இறக்கத்தில் அதே மூன்றாவது கியர் வண்டியைப் பிடித்து வைக்காது. பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டிலிருந்தும் காலை எடுத்துப் பாருங்கள். வேகம் ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது கியர், செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் முதலாவது. எஞ்சின் இரைவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை.

ஆட்டோமேட்டிக்கில் 'டி'யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி வருகிறவர்கள் அதிகம். ஏஎம்டி வண்டியில் (சாதாரண கியர்பெட்டியையே தானாக மாற்றும் வகை) நெம்புகோலை 'எம்' பக்கம் தள்ளி இரண்டில் நிறுத்த வேண்டும். சிவிடியில் (படிப்படியான கியர் இல்லாத வகை) 'எல்' இருந்தால் அது. மின்சாரக் கார்க்காரர்கள் ஊட்டியிலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால், வண்டியின் ஓட்டத்தைப் பேட்டரிக்குச் சார்ஜாக மாற்றி வேகத்தைக் குறைக்கும் ரீஜென் பிரேக் ஏறக்குறைய வேலை செய்யாது.

பிரேக் மேல் கால் வைத்தபடியே வந்தால் பேடும் லைனிங்கும் கருகும். அதைவிட மோசமானது பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 எனும் தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். குழாயில் ஆவிக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சுபோல அடிவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள். டயருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது இதற்கும் வேண்டும். பிரேக் தேவைப்படும்போது அழுத்திப் பிடித்து, 40-லிருந்து 25-க்குக் குறைத்து, முழுக்க விட்டுவிட வேண்டும். கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து அரைமணி நேரம் நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணும், விரிசல் விடவும் கூடும். ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது வெறும் மூடநம்பிக்கை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின் எரிபொருளை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரிகிறது. எஞ்சினையே அணைத்தால் இரண்டு மூன்று அழுத்தலுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

பிரேக் முற்றிலும் போய்விட்டால் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டே ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கடைசியில் மலைப்பக்க மண்சரிவில் உரசி நிறுத்த வேண்டும். காரின் பக்கவாட்டு போனால் போகட்டும். இருவழிப் பாதைகளில், இரண்டு வண்டி ஒதுங்க அகலம் போதாத இடத்தில், ஏறும் வண்டிக்கு வழிவிடுவதும் சட்டம். நின்றுபோன சுமை வண்டியை மறுபடி ஏற்றத்தில் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று இறங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதி) நடைமுறையில் இருக்கிறது. வெளியூர் வண்டிக்காரர்களின் செல்போன் எண் நிர்வாகத்திடம் வந்துவிடுகிறது. இறங்கும் நாளின் காலையில் 'இரண்டாவது கியர், நியூட்ரல் வேண்டாம், வாடை வந்தால் நிறுத்து' என்று அந்த எண்ணுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். கோத்தகிரிப் பாதையின் நடுவே பிரேக் ஆற்றிக்கொள்ள ஒரு நிறுத்துமிடத்தை ஒதுக்கி, அங்கே தள்ளுவண்டிக் கடைகள் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறோம்.

— வாகனப் பழுதுபார்ப்போர் சிலர்,
மேட்டுப்பாளையம்